பூட்டிய அறையில் இன்னொருத்தி

ஒன்பதாவது பேட்டியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. ஹெட்போனில் தையற்கடைக்காரப் பெண்மணியின் குரல் நிதானமாக, துணிக்கு அளவு சொல்வதுபோல ஓடிக்கொண்டிருந்தது: "மூலையில ஒரு அம்மா குந்தியிருந்தாங்க. சுவரைப் பார்த்துக்கிட்டு. தலையெல்லாம் ஈரம்."

நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். ஜன்னல் திரையின் இடுக்கில் பிற்பகல் வெயில் விழுந்து மேசைத் தூசியைக் காட்டிக்கொண்டிருந்தது. வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துப் போகும் சத்தம். அவள் எழுதிய கதையில் அப்படி ஒரு அம்மா கிடையாது.

பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் அவள் ஆய்வாளர். ஆராய்வது பொய் நினைவுகளை. ஆய்வுக்கு வருபவரின் வீட்டாரிடம் அவருடைய சிறுவயதில் நடந்த மூன்று சம்பவங்களைக் கேட்டு வாங்குவாள். நான்காவதாகத் தானே இட்டுக்கட்டிய ஒன்றைச் சேர்ப்பாள். ஐந்து வயதில், ஒரு மழை நாளில், பழைய அட்டைப்பெட்டிகள் அடுக்கிய அறையில் தவறுதலாகப் பூட்டப்பட்டீர்கள், ஒரு மணி நேரம் கழித்து அப்பா வந்து திறந்தார். அவ்வளவுதான். நான்கையும் வாரம் ஒருமுறை நினைத்துப் பார்க்கச் சொன்னால், சிலர் மூன்றாவது வாரத்தில் அந்த அறையின் தாழ்ப்பாள் என்ன நிறம் என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். கடைசியில், அது நாங்கள் சொன்ன பொய் என்று விளக்கி, மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைக்க வேண்டும். அது விதி.

இது அவளுக்கு வெறும் வேலை அல்ல. அவளுடைய அண்ணன் செய்யாத குற்றத்துக்கு ஏழு வருடம் சிறையில் இருந்தவன். நீதிமன்றத்தில் அவனை நோக்கி விரல் நீட்டிய சாட்சி பொய் சொல்லவில்லை. அழுதுகொண்டே, மனதார நம்பித்தான் சொன்னாள். உண்மையான ஆள் பிடிபட்ட பிறகும், "எனக்கு அந்த முகம் நல்லா ஞாபகம் இருக்கு" என்றே சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தை உடைக்கத்தான் அவள் படித்தாள். இந்த ஆய்வு வெளிவந்தால் நீதிபதிகளின் பயிற்சியில் சேர்ப்பதாகப் பேச்சு இருந்தது.

மற்ற பேட்டிகளை எடுத்துப் பார்த்தாள். ஒன்பது பேரில் ஆறு பேருக்குப் பூட்டிய அறை நினைவுக்கு வந்திருந்தது. ஆறு பேருடைய அறையிலும் அந்த அம்மா இருந்தாள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். எல்லார் பேச்சிலும் அதே ஈரத் தலை, அதே சுவர்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அண்ணனிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்தான்.

மறுநாள் அந்த ஆறு பேரில் ஒருவரான பஸ் டிரைவருக்கு உண்மையை விளக்க வேண்டியிருந்தது. பெரிய மீசை, சட்டைப்பையில் மூன்று பேனா, எதற்கெடுத்தாலும் சிரிப்பவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"சரி மேடம். அந்த ரூம் பொய். நீங்க கட்டின கதை. ஒத்துக்கறேன்."

"ரொம்ப நன்றிங்க. சிரமத்துக்கு மன்னிக்கணும்."

"அப்போ அந்தம்மா?"

அவள் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போனார்.

இரண்டு வாரம் கழித்து அவரே போன் செய்தார். குரலில் சிரிப்பு இல்லை.

"மேடம், அவங்க அந்த ரூம்ல மட்டும் இல்ல. என் பள்ளிக்கூடத்துல இருக்காங்க. என் கல்யாணத்துல இருக்காங்க, பந்தியில, கடைசி இலைக்குப் பக்கத்துல. முதல்ல முதுகுதான் தெரிஞ்சுது. இப்போ காது தெரியுது."

"நேர்ல எங்கயாவது பார்த்தீங்களா?"

"இல்ல. அதான் கொடுமை. நேத்து வண்டியில எனக்குப் பின் சீட்டு காலி. கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் ஓட்டினேன், காலி. இன்னைக்குக் காலையில நேத்தை நினைச்சுப் பார்க்கறேன்... உக்காந்திருக்காங்க."

அவள் குறிப்பெடுத்துக்கொண்டாள். கை தானாக எழுதியது. பேனா காகிதத்தில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

பேராசிரியரிடம் போனாள். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர். மேசையில் காகிதங்கள் சரிந்து கிடந்தன.

"கேள்வி கேட்டது நீதானே? உன் குரல்ல ஏதாவது இருந்திருக்கும்," என்றார். "ஒரு ஜாடை, ஒரு இழுவை. அவங்க பிடிச்சுக்கிட்டாங்க. பேயைப் பத்திக் கட்டுரை எழுதினா எந்தப் பத்திரிகையும் போடாதும்மா. போட்டுட்டா நம்ம வேலை போயிடும்."

"ஆறு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க சார்."

"அவங்க சொல்றதைத்தான் நாம அளக்க முடியும். பார்த்ததை அளக்க முடியாது. நம்ம துறையோட எல்லை அதுதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னும் இருபது வருஷம் போகட்டும். எது நிஜ நினைவு, எது பொய் நினைவுன்னு மூளையைப் பார்த்தே சொல்லிடுவாங்க."

"சரி, அப்படி ஒரு கருவி வந்து, இது நிஜம்னு காட்டினா?"

கண்ணாடியை மேசையில் வைத்தார். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார்: "அந்தப் பேட்டிகளை இனிமே எனக்கு அனுப்பாதே. படிச்ச வரைக்கும் போதும்."

படிகளில் இறங்கும்போது அவளுக்குத் தன் ஐந்து வயது நினைவுக்கு வந்தது. கவனமாகத் தேடினாள். யாரும் இல்லை. மூச்சு விட்டாள். ஆனால் வீட்டுக்குப் போகும் பேருந்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், கேட்காமலே இன்னொன்று வந்தது: பள்ளி ஆண்டுவிழா, மேடை விளக்கு, பவுடர் வாசனை, முன்வரிசையில் அம்மா, அப்பா, அவர்களுக்கு நடுவே ஈரமான ஒரு பின்தலை. வீட்டுக்கு வந்ததும் ஆல்பத்தைத் தேடி எடுத்தாள். அந்த விழாவின் படம் இருந்தது. அம்மாவும் அப்பாவும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவே இடமே இல்லை.

படத்தில் இல்லை. நினைவில் இருந்தாள்.

இதைத்தான் நான் வகுப்பில் பாடமாக நடத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டாள். படித்தேன், பயந்தேன், மனம் தானாக ஒட்டவைத்துவிட்டது. மறுநாள் தீர்ப்பு நாள் நினைவுக்கு வந்தது. நீதிமன்றத்தின் மர பெஞ்சு, மின்விசிறியின் கடகடப்பு, அண்ணன் தலை குனிந்து நின்றது. பெஞ்சின் கோடியில் அந்த அம்மா. காதோடு கன்னமும் தெரிந்தது. நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை.

டிரைவருக்குப் போன் போட்டாள். அவர் மனைவி எடுத்தார்.

"அவர் சரியாப் பேசறதே இல்லைங்க. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சுவத்தையே பார்த்துட்டு உக்காந்திருக்கார். கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டேங்கறார். பேர் என்னன்னு கேட்டாச் சொல்ல மாட்டேங்கறார். சொல்லணும்னா நினைக்கணுமாம்." அழுகை முட்டியது. "நீங்க என்னதான் பண்ணீங்க அவரை?"

அவள் போனை வைத்துவிட்டாள். பதிவுகளை அழித்தாள். காகிதங்களைக் கிழித்தாள். ஆறு வருட உழைப்பு குப்பைக்கூடை நிறைய வந்தது. நீதிபதிகளின் பயிற்சி, அந்தச் சாட்சி, எல்லாம். அழுகை வரவில்லை. அறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். வழியெங்கும் கண்ணில் படுவதை மட்டும் பார்த்தாள். கம்பம். நாய். சைக்கிள். கம்பம். கடந்துபோனதை நினைக்கவே இல்லை.

வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அண்ணன் விளக்குப் போடாமல் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"அன்னைக்கே சொல்லணும்னு நினைச்சேன்," என்றான். "நீ சொன்ன அந்தம்மா. ஏழு வருஷமும் என் செல்லுல இருந்தா."

"இல்லண்ணா. நான் சொன்னதுக்கு அப்புறம்தான் உனக்கு அப்படித் தோணுது. அப்போ நீ தனியாத்தான் இருந்த."

"தெரியும். அங்க ராத்திரியெல்லாம் தனியாக் கிடந்து அழுதேன். அந்தத் தனிமை எனக்கு நல்லாத் தெரியும்." அவன் குரல் தாழ்ந்தது. "இப்போ அதை நினைச்சா, தனியா இல்ல. அது கொஞ்சம் ஆறுதலாக்கூட இருக்கு. அதான் பயமா இருக்கு."

அவள் அவன் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது.

"எதையும் நினைக்காத. என் முகத்தை மட்டும் பாரு."

பார்த்தான். இமைக்காமல். கண்ணில் நீர் கட்டியது.

"ஒன்னு மட்டும் கேக்கறேன்," என்றான். "இப்போ நீ உள்ள வந்தியே. கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னியே. யாரை முதல்ல உள்ள விட்ட?"

நினைக்கக் கூடாது. நினைத்துவிட்டாள்.

கதவு. பிடியில் தன் கை. ஒதுங்கி நின்றது. காத்திருந்தது. மணிக்கட்டில் உரசிப்போன ஈர முடி.

சட்டென்று திரும்பி வாசல் நடையைப் பார்த்தாள்.

காலி. சுவர், செருப்பு, குடை. யாரும் இல்லை.

அண்ணன் பக்கம் திரும்பினாள்.

அதற்குள் அது நினைவாகிவிட்டது. ஒரு மூச்சுக்கு முன்னால், நடை. சுவர். செருப்பு. குடை.

குடைக்குப் பக்கத்தில் அந்த அம்மா, முழுசாகத் திரும்பி.