நாற்பது நாள் பச்சை

இப்போதெல்லாம் ஜாதகத்தை யாரும் கேட்பதில்லை. தாயின் குடல்நோய் மகளுக்கும் வரும் என்று, பெண்ணைப் பெற்றவள் நாற்பது நாள் பச்சை விளக்கு காட்ட வேண்டும். அப்புறம்தான் தட்டு மாற்றுவார்கள். கழிப்பறைப் பீங்கானுக்குள் இருக்கும் குடல்காணி என்ற இயந்திரம், அன்றன்று விழுவதில் உள்ள கிருமிகளை எண்ணும். குடலில் புற்றுநோய் முளைக்கும் முன்பே சில கிருமிகள் பெருகும். அதற்கு மஞ்சள் விளக்கு. முளைத்துவிட்டால் சிவப்பு.

மகளுக்கு வரன் பேசியிருந்த கோமளவல்லிக்கு மஞ்சள் வந்தது. டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டியவள், வேலைக்காரி சீனியம்மாளிடம் ஓடினாள்.

"நாப்பது நாளைக்கு எங்க பாத்ரூமுக்கே போ சீனி. என் பேருள்ள பட்டனை அமுக்கு. ஏன் எதுக்குன்னு கேக்காத."

"பழைய சோறு திங்கிற வயிறு அக்கா, உங்க பீங்கானுக்கு ஒத்துக்குமா?" என்று சிரித்தாள் சீனியம்மாள்.

மூன்று நாள் எண்ணிப் பார்த்த இயந்திரம் நேரே சிவப்பைக் காட்டியது, கோமளவல்லியின் பெயரில். சிவப்பு வந்தால் சுகாதார நிலையம் கையோடு கூட்டிப் போய்விடும். டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார்.

"குடல் சுத்தமா இருக்கும்மா. மெஷின்தான் தப்புப் பண்ணியிருக்கு. உங்களுக்கு மஞ்சள், சிவப்பு வந்த ரெண்டு கிருமிக் கூட்டத்தையும் 'பாதிப்பில்ல'ன்னு பதிஞ்சுட்டேன். ஊர்ல இருக்கிற எல்லா மெஷினும் இன்னிக்கே கத்துக்கும். இனிமே அதுக்கெல்லாம் பச்சைதான்."

அந்தச் சிவப்பு சீனியம்மாளுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இப்போதே அறுத்தால் பிழைத்துக்கொள்வாள். வார்த்தை தொண்டை வரை வந்தது. சம்பந்தி வீட்டார் முகம் நினைவுக்கு வர, கோமளவல்லி அதை விழுங்கினாள். அவளுக்கு வெட்கமாகக்கூட இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து நாற்பது நாளும் பச்சையாகவே நிறைந்து, தட்டும் மாற்றியாயிற்று. மறுவாரம் சீனியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ரத்தமாப் போவுதுக்கா. பயந்துபோய் சுகாதார நிலையத்து மெஷின்ல உக்காந்தேன். நல்லவேளை, பச்சை! மூலமா இருக்கும்னு மாத்திரை குடுத்தாங்க."

"உடம்புச் சூடுதான். மோர் குடி," என்று ஒரு டம்ளரை நீட்டினாள் கோமளவல்லி. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அவள் குடித்துவிட்டுப் போனதும் கோமளவல்லி கழிப்பறைக்குள் நுழைந்து தாழிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு தன் பெயருள்ள பொத்தானைத் தானே அழுத்தி உட்கார்ந்தாள். மஞ்சள் எரியட்டும் என்று முதல் முறையாக வேண்டிக்கொண்டாள்.

பச்சை எரிந்தது. இனி எத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்தாலும், புற்றே முளைத்திருந்தாலும், அவளுக்கு அதுதான் எரியும்.