இரண்டாவது மறுப்பு

மன்ற நிகழ்ச்சி நிரலில் சுகந்தியின் பிரிவு உபசாரம் கடைசியாக இருக்க வேண்டியது. அது முதலிடத்துக்கு ஏறியிருப்பதை அவள் மேசைத்திரையில் கவனித்தபோது, மேயர் இளம்பரிதி பொன்னாடையை விரித்துக்கொண்டு அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார். மழை ஒதுக்கீடு இரண்டாம் பொருளாகப் பின்னால் நின்றது.

நெய்தலூரில் மழை தானாகப் பெய்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கடலுக்குள் நட்டிருக்கும் முகில்மடைக் கோபுரங்கள் மேகத்துக்கு மின்னேற்றம் கொடுத்து, எந்த வட்டத்தின் தலைமேல் நிறுத்தச் சொல்கிறோமோ அங்கே நிறுத்திக் கொட்டும். மேகத்தை இல்லாமல் செய்ய அவற்றால் ஆகாது. பக்கத்து ஊருக்குத் தள்ளிவிட்டால் வழக்கு வரும். ஆகவே எங்கே கொட்டுவது என்பதை மாநகர மன்றம் தீர்மானித்தது. குப்பை வண்டி, தெருவிளக்கு என்ற வரிசையில் அதுவும் ஒரு பொருள்.

வாங்கும்போது எல்லா வட்டங்களுக்கும் சமமாகப் பங்கிடத்தான் வாங்கினார்கள். எத்தனை பெரிய புயலானாலும் பங்கிட்டால் கணுக்கால் அளவுத் தண்ணீர், மறுநாள் வடிந்துவிடும். அந்தக் கணுக்கால் தண்ணீரும் தனக்கு வேண்டாம் என்று முதல் வருடமே ஒரு புண்ணியவான் எழுந்து சொன்னார். மறுப்பு விதி வந்தது அப்படித்தான். உறுப்பினர் எழுந்து தன் வட்டத்துக்கு வேண்டாமென்றால் அங்கே ஒரு சொட்டும் விழாது. யார் மறுக்கவில்லையோ அவர்கள் தலையில் மொத்தமும் விழும். எல்லோரும் மறுத்துவிட்டாலோ, மாலை நான்கு மணிக்குள் முடிவே வராவிட்டாலோ, முகில்மடை தன் பழைய புத்திப்படி சமமாகப் பங்கிட்டுவிடும்.

சில்லறை மழைக்கு ஒரு பாலமோ சாலையோ வாங்கிக்கொண்டு யாராவது வாயை மூடிக்கொள்வார்கள். புயல் மழைக்கு அந்த வியாபாரம் நடக்காது; யாராவது செத்தோ, சிறைக்குப் போயோ காலியாகிக் கிடக்கும் இருக்கையின் வட்டத்தில்தான் அது எப்போதும் விழும். அதனால்தான் புயல் நாளில் மன்றத்துக்கு வராதவர் கிடையாது. காய்ச்சலோடு வருவார்கள், ஒருவர் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு வந்தார். மக்கள் தொண்டில் இத்தனை ஆர்வம் வேறெந்த ஊரிலும் பார்க்க முடியாது.

இன்றைக்கு ஒரே ஒரு இருக்கை காலி. மீனவர் குப்பத்து உறுப்பினர் பிரிட்டோ காலையில் அவளைக் கூப்பிட்டிருந்தான்.

"அக்கா, மேரிக்கு வலி எடுத்திருச்சு, ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கோம். உங்களை வழியனுப்புற நாள்னு பாத்து இப்படி ஆயிருச்சே."

"நீ அவ பக்கத்துலயே இரு. உன் வட்டத்துக்கும் சேத்து நான் வேண்டாம்னு சொல்லிடறேன். அதுக்குத்தானே விதியில இடம் இருக்கு."

இருந்தது. வராதவருக்காகவோ, காலியான இருக்கைக்காகவோ இன்னொருவர் மறுக்கலாம். ஒருவர் ஒரு வட்டத்துக்கு மட்டும். ஆனால் அப்படி மறுத்தால் தண்ணீர் தன் பக்கம் திரும்பிவிடும் என்ற பயத்தில் யாரும் அந்த விதியைத் தொடுவதில்லை. பிரிட்டோ நன்றியாக ஒரு துண்டு கொடுத்தனுப்பியிருந்தான். நீலக்கரை போட்ட வெள்ளைப் பருத்தி. மேரி எடுத்ததாம். அது அவள் மடியில் இருந்தது.

சுகந்தியின் கணவருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. கடற்காற்று ஆகாது, ஊரை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பதவியை விட்டிருந்தாள். உபசாரத்தில் அவள் பேசி முடித்ததும் இருக்கை விளக்கு அணையும். அணைந்தபின் அவள் யாரோ. அதற்குப் பிறகு மழையை எடுத்தால் அவள் வட்டத்துக்கும் வாயில்லை, பிரிட்டோ வட்டத்துக்கும் வாயில்லை. இரண்டு வட்டங்கள், முழுப் புயல். கணக்கைக் கச்சிதமாகத்தான் போட்டிருந்தார் மேயர்.

பாராட்டுரைகள் சுருக்கமாக முடிந்தன. நாலு மணிக்குள் மழைப் பொருளை எடுக்க வேண்டுமே. ஒவ்வொருவரும் பொன்னாடை போட்டார்கள், ஒவ்வொருவரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: அம்மையார் இருந்தவரை அவர் வட்டத்தில் ஒரு சொட்டுப் புயல்மழை விழுந்ததில்லை. பார்வையாளர் மாடத்தில் அவள் வட்டத்து மக்கள் கைதட்டினார்கள். தேர்தலுக்குத் தேர்தல் அவள் சொன்ன வாக்கு அது. அதை நம்பி வாசற்படிகளை இடித்துக் கடைகளைத் தரைமட்டத்துக்கு இறக்கியிருந்தார்கள். எத்தனை முறை கேட்டாலும் அவளுக்கு அலுக்காத பேச்சு அது.

ஏற்புரைக்கு எழுந்தபோது மணி மூன்று. என்ன செய்வது என்று அதற்குள் முடிவு செய்திருந்தாள். பேசிக்கொண்டே இருப்பது. ஏற்புரையை இடைமறிக்கும் வழக்கம் இந்த மன்றத்தில் இல்லை. நாலு மணி தாண்டிவிட்டால் எல்லோருக்கும் கணுக்கால் தண்ணீர், யாரும் சாகமாட்டார்கள்.

முதலில் தனக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொன்னாள். பிறகு போடாதவர்களுக்கு. தெருத்தெருவாகப் போனாள். பெருமாள் கோயில் தெருவில் குழாய் போட்ட கதையைச் சொன்னாள், அது உடைந்த கதையையும் சொன்னாள். கருத்தடை முகாமிலிருந்து தப்பி ஓடிய நாய்க்குத் தனியாக ஐந்து நிமிடம் கொடுத்தாள். முதலில் சிரித்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். சுவரில் மழைப்பலகை நகரத்தின் வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கடல் ஓரத்தில் கரிய மேகம் கோபுரங்களை நெருங்கிவிட்டது. பலருக்கு முகம் வெளுத்தது. தங்கள் வட்டத்தில் தண்ணீர் பார்த்ததையே மறந்துபோனவர்கள் அவர்கள்.

நான்குக்குச் சற்று முன்பாக மேயர் இன்னொரு பொன்னாடையோடு வந்தார். அதைப் போர்த்தும் பாவனையில் அவள் காதருகே குனிந்தார்.

"அக்கா, போதும். உங்க பேச்சை நிறுத்தி வெச்சுட்டு மழையை இப்பவே எடுத்துக்கறேன். நீங்க இன்னும் உறுப்பினர்தான். உங்க வட்டத்துக்கு வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு தடவை மட்டும் சொல்லுங்க."

"பிரிட்டோவுக்கு?"

"அவன் வரலையே. கூட்டத்துக்கு வராதது உங்க தப்பா?" அவர் மாடத்தைப் பார்த்தார். "கடைசி நாள்ல அவங்க கால்ல தண்ணி படணுமா, அக்கா? இத்தனை வருஷம் காப்பாத்துன பேரு."

அவள் உட்கார்ந்தாள்.

மழைப் பொருள் எடுக்கப்பட்டது. ஒவ்வொருவராக எழுந்து வேண்டாமென்றார்கள். பலகையில் வட்டம் வட்டமாகப் பச்சை ஏறியது. அவள் முறை வந்தது. அவள் நினைத்தால் இப்போதும் இரண்டு முறை சொல்லலாம். மேயரால் ஒன்றும் செய்ய முடியாது. எல்லோரும் மறுத்ததாக ஆகும், தண்ணீர் எல்லோருக்குமாகப் பிரிந்துவிடும். அவள் பேச்சு வாங்கிக் கொடுத்த வாய்ப்பு அது.

"என் வட்டத்துக்கு வேண்டாம்."

மாடத்தில் கைதட்டினார்கள். பலகையில் குப்பம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"மீனவர் குப்பத்துக்காக யாராவது?" என்று கேட்டார் மன்றச் செயலாளர். விதிப்படி கேட்க வேண்டும், கேட்டார். அவர் கண்கள் யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. முழுப் புயலும் ஓரிடத்தில் என்றால் நெஞ்சளவு. குப்பத்து வீடுகள் நிற்காது. இதெல்லாம் சுகந்திக்குத் தெரியும். இரண்டு சொல் சொல்ல வேண்டியதுதான். மாடத்தில் ஒரு பெண் தன் குழந்தைக்கு அவளைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த துண்டை அவள் நாலாக மடித்தாள், பிறகு எட்டாக.

செயலாளர் சுத்தியலைத் தட்டினார். குப்பம் கறுப்பானது. அங்கே வெளியேற்றச் சங்கு ஊதத் தொடங்கியிருக்கும்; மன்றக் கட்டிடத்துக்கு அது கேட்காது.

"அம்மையார் தொடரலாம்," என்றார் மேயர், மிகவும் மரியாதையாக.

அவளுக்குத் தொடர எதுவும் இருக்கவில்லை. எழுந்து நின்று, "நன்றி, வணக்கம்" என்றாள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அவள் இருக்கை விளக்கு அணைந்தது.

அடுத்த பொருள் வானிலை அறிக்கை. வழக்கமாக யாரும் காது கொடுக்காத பொருள். முகில்மடைப் பொறியாளர் எழுந்து, அந்தமான் அருகே இன்னொரு தாழ்வு நிலை உருவாகியிருப்பதாகவும், இதைவிடப் பெரியது என்றும், வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டம் கூட்டவேண்டும் என்றும் படித்தார். இடைத்தேர்தலுக்கு ஒரு மாதம் இருந்தது. உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி, விளக்கு அணைந்த இருக்கையைப் பார்த்தார்கள். மேயர் பார்க்கவில்லை, அவர் எப்போதோ பார்த்து முடித்திருந்தார்.

சுகந்தி பொன்னாடைகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் அவள் வட்டத்து மக்கள் மாலையோடு நின்றார்கள். அவர்களுக்கு அறிக்கை கேட்டிருக்கவில்லை, அல்லது கேட்டும் புரிந்திருக்கவில்லை. தலைக்கு மேல் வெயில் அடித்தது. கிழக்கே, குப்பத்தின் மேல் மட்டும் வானம் அடுப்புக்கரி நிறத்தில் இறங்கி வந்துகொண்டிருந்தது.

கைப்பேசியில் பிரிட்டோவின் குரல் காத்திருந்தது. மாலைக்குத் தலையைக் குனிந்தபடி அவள் அதைக் காதில் வைத்தாள்.

"அக்கா, பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உங்க புண்ணியத்துல நிம்மதியா இங்க இருக்க முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை இன்னொரு கூட்டம்னு இப்பதான் தகவல் வந்துச்சு. உங்க வட்டத்துக்கு இனி ஆளில்லையேன்னு நெனச்சேன். கவலைப்படாதீங்கக்கா, நான் வந்துடுவேன். உங்களுக்கும் சேத்து நான் சொல்லிடறேன்."