வீட்டைப் பார்க்காத தரகர்

அந்த மலைச்சரிவில் நிற்கிற மரவீடுகள் அத்தனையையும், ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காமலே விற்றவர் தாம் ஒருவர்தான் என்று தரகர் சொல்வார். சிலவற்றை இரண்டு தடவை விற்றாராம். ஒரு வீட்டைக் காலையில் ஒருவரிடம் வாங்கி, மாலையில் அதே ஆளிடம் விற்க, அந்த மனுஷன் இப்படி ஒரு வீட்டைத்தான் இத்தனை காலமாகத் தேடினேன் என்று கண்கலங்கிக் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

புளுகுதான். ஆனால் பார்க்காமல் விற்பது என்னவோ மெய். ஒவ்வோர் அறைக்குள்ளும் அவர் பின்பக்கமாகவே நடந்து போவார். வாங்க வந்தவர்களின் முகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். சுவர் எப்படி இருந்தால் என்ன, அதைப் பார்த்துப் புருவம் எவ்வளவு ஏறுகிறது என்பதுதானே வியாபாரம். மற்ற தரகர்கள் அவருக்கு ‘ரிவர்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இதில் எதையும் நம்பாதவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. மாமா மழை பெய்கிறது என்றால், நனைந்துகொண்டே வானத்தைச் சந்தேகப்படுகிற ரகம். அவனே இப்போது தன் மனைவியோடு வந்து, கோடைக்குத் தங்க ஒரு வீடு காட்டுங்கள் என்று நின்றான். ஏமாற்ற நினைத்தால் அக்காவிடம் சொல்லிவிடுவேன் என்று வழியெல்லாம் மிரட்டிக்கொண்டே வந்தான்.

உச்சியில் இருந்த வீட்டுக்கு அவர்கள் போனபோது நடுப்பகல். ஆனாலும் வெட்டியெடுத்துத் தலையணை உறைக்குள் திணிக்கலாம் போலப் பனி. ரிவர்ஸ் பூட்டைத் திறந்து, வழக்கம்போல் முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டில் அடிக்க வேண்டிய தூசி வாசம் அடிக்கவில்லை. ஈரக் கம்பளியும் துருவும் கலந்த, யாரோ இப்போதுதான் மூச்சு விட்டுவிட்டு நகர்ந்துகொண்டது போன்ற வெதுவெதுப்பான வாசம் ஒன்று அவருடைய பிடரியில் வந்து உட்கார்ந்தது. அந்தச் சூட்டில் மச்சினனின் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. அவன் அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கண்ணாடி இல்லாமல் தனக்கு யானையும் அலமாரியும் ஒன்றுதான் என்று முனகியபடி பின்னால் வந்தான்.

கூடத்தில் ரிவர்ஸ் கணப்படுப்பின் பெருமையை அளந்துகொண்டிருந்தபோது, மச்சினனின் மனைவி அவருடைய இடுப்புக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துச் சிரித்தாள். லேசாகக் குனிந்தாள்.

“பேரு என்ன?”

பூனை ஏதாவது புகுந்திருக்கும் என்று அவர் நினைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை, இத்தனை வருஷத் தொழிலில் பூனைக்காகவா திரும்புவது.

சமையலறையில் அவளுடைய பார்வை அவருடைய தோள்மட்டத்துக்கு வந்திருந்தது. சிரிப்பு பாதியாகியிருந்தது.

“பதில் சொல்ல மாட்டேங்குது அண்ணா,” என்றாள். “உங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டே வருது.”

முதுகுப்பக்கம் சட்டை இறுகியது. ஆணியில் மாட்டியிருக்கும் என்று தமக்கே சொல்லிக்கொண்டார். நடந்துகொண்டிருக்கிறவரோடு கூடவே வருகிற ஆணி எது என்று மனசு கேட்டது. வாய் மட்டும் பழக்கத்தில் தண்ணீர்க்குழாயைப் புகழ்ந்துகொண்டிருந்தது.

மாடிப்படியையும் பின்பக்கமாகவே ஏறினார். பழைய மரப்படி, முனகத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு படியும் அவர் கால் வைப்பதற்கு முன்பே முனகியது.

மேல் அறை. சரிந்த கூரை. ஒரே ஒரு குறுகிய கதவு.

உள்ளே கால் வைத்ததும் அவளுடைய கண்கள் அவருடைய தலைக்கு மேலே போயின. இன்னும் மேலே. முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

“அண்ணா. திரும்பாதீங்க.”

அவ்வளவுதான். படிகளில் தடதடவென்று இறங்கினாள். வாசல் கதவு. பிறகு கார்க்கதவு, அறைந்து சாத்தப்படும் சத்தம்.

மச்சினன் கதவுநிலையை அடைத்துக்கொண்டு நின்றான், குனிந்த தலை நிமிராமல், மறுபடி ஆவி படிந்த கண்ணாடியைச் சட்டை நுனியால் தேய்த்தபடி. தோள்கள் குலுங்கின. சிரிக்கிறான்.

“நல்லா ஒத்திகை பார்த்திருக்கீங்க மாமா. என் பொண்டாட்டியையே கூட்டு சேர்த்துட்டீங்களே.”

வழி விடுடா என்றார் ரிவர்ஸ். மறுபடி சொன்னார்.

“திரும்பிப் பாருங்க, விடறேன். உங்க வாயாலயே ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க.”

திரும்ப முடியாது. முன்னால் மச்சினன். பின்னால், மூச்சு. அவருடையது அல்ல. அவர் தம் மூச்சை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

கெஞ்சினார். அவன் அசையவில்லை. கண்ணாடியை நிதானமாக மாட்டிக்கொண்டான். நிமிர்ந்தான்.

சிரிப்பு நின்றது.

அவன் கண்கள் மேலே போயின. கூரை சரிகிற இடம்வரை. அங்கே நின்றன.

ரிவர்ஸுக்குப் பின்னால் ஏதோ மடங்கியது. ஈர மரம் முறிகிற மாதிரி. ஒவ்வொரு கணுவாக.

கண்கள் இறங்கத் தொடங்கின. மெதுவாக. ரிவர்ஸின் உச்சந்தலை. நெற்றி. இடது காது.

தோளுக்கு மேலே வந்து நின்றன.

கன்னத்தில் வெதுவெதுப்பு. ஈரக் கம்பளி.

நகர மறுத்தவன் நகர முயன்றான். கால் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“நெஜம்தான் மாமா,” என்றான் மச்சினன். “இருக்கு.”