இரைச்சல் இல்லாத பிலிம்

அந்த ஸ்டூடியோவுக்குள் நான் நுழைந்தபோது நல்ல வெயில். ஒலிப்பதிவு அறையின் கனத்த கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் அறுந்துபோனது. ஈரத்துணி வாடையும் பிலிம் கழுவும் மருந்தின் நெடியும் கலந்து வந்தன. சுவர் முழுக்க மெத்தை வைத்துத் தைத்திருந்தார்கள். உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே ஒருவருக்கும் கேட்காது.

பாட்டெல்லாம் ஒரே இரைச்சல் என்று தியேட்டர்காரர்கள் மூக்கால் அழுததால், எந்த பிலிமில் ஒலியைப் பதிக்கலாம் என்று பார்த்துச் சொல்ல முதலாளி என்னை வரவழைத்திருந்தார். அங்கே பிலிம் கழுவும் பிரிவுக்குத் தலைவர் என் அத்தான், அக்காவின் புருஷன். அக்காவும் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தாள். சில வருடங்களுக்கு முன் அவள் எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று அவர் எங்கள் வீட்டில் வந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா அன்றே அவளைத் தலைமுழுகிவிட்டாள். அத்தானை நான் கட்டிக்கொண்டு ஆறுதல் சொன்னேன். தங்கமான மனுஷன் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"எதுக்கு மாப்ள இந்த வேல?" என்றார் அவர்.

படம் எடுக்கும் பிலிமிலேயே ஒலியையும் பதித்தால் போதாதா, இத்தனை வருடம் அப்படித்தானே ஓடுகிறது என்றார். அந்த பிலிமில் வெள்ளித் துகள் பெரிது. பதித்த குரலோடு மழை மாதிரி ஓர் இரைச்சலும் ஒட்டிக்கொண்டு வரும். துகள் நுண்ணியதாக இருந்தால் இரைச்சல் அடங்கிவிடும். அவருக்குத் தெரியாததா? ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை.

எங்கள் தொழில் வழக்கப்படி, ஆளில்லாத அறையில் மைக்கை மட்டும் வைத்து, வெறும் அமைதியை மூன்று பிலிமில் பதித்தேன். நானே கழுவிக் காயவைத்து ஓடவிட்டேன்.

முதலாவது, அவர் சொன்ன பிலிம். கூரையில் அடைமழை. இரண்டாவதில் அது தூறலானது. மூன்றாவதில் துகள் மிக நுண்ணியது.

மழை நின்றுவிட்டது.

யாரோ மூச்சு விட்டார்கள்.

பிறகு மெத்தையை நகத்தால் பிறாண்டும் சத்தம்.

"தம்பி... நான் எங்கயும் போகலடா."

அக்காவின் குரல். திரும்பினால் கதவருகில் அத்தான். அவர் முகத்தில் பயம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

"அந்த பிலிம் வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே," என்றார் மெதுவாக.

இந்தக் குரல் அவருக்குப் புதிதல்ல. அதை மூடத்தான் இத்தனை வருடமும் இரைச்சலைப் போர்த்தி வைத்திருக்கிறார். என் தோளில் சாய்ந்து அழுத மனிதர், கூடவே இருந்து குழி பறித்திருக்கிறார். அவரைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

மெத்தையைக் கிழித்துச் சுவரை உடைத்தபோது அக்கா அங்கேதான் இருந்தாள். அத்தானைப் போலீஸ் கொண்டுபோனது. அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அக்காவுக்குக் காரியமெல்லாம் செய்து முறையாக அனுப்பிவைத்தாயிற்று, இனி அவளுக்கு நிம்மதி என்று நினைத்தேன். வேறோர் ஊரில், புதிதாகக் கட்டிய அறையில், அதே நுண்ணிய பிலிமில் அமைதியைப் பதித்துப் பார்த்தேன். துளி இரைச்சல் இல்லை. அப்பாடா என்று எழுந்தேன்.

அதே மூச்சு.

"அவர் சொன்னார், சரி. நீ எப்படிடா நம்புன?"