சிவப்பு நூலைத் தாண்டிய தண்ணீர்

ஒரு குவளைத் தண்ணீர் போதும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். நான் பாட்டிலை முழுவதும் கவிழ்த்துவிட்டேன்.

நானும் யாமினியும் வகுப்புக்காகக் களிமண்ணில் செய்த ஆறு அது. மேலே மலைநாடு, என்னுடையது. கீழே சமவெளி நாடு, அவளுடையது. நடுவில் எல்லையாக ஒரு சிவப்பு நூல். சிங்கப்பூரிலிருந்து மலேசியா போக, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் நாமெல்லாம் மணிக்கணக்கில் நிற்கிறோம். என் தண்ணீரோ நிற்காமல் நூலைத் தாண்டியது. யாமினியின் அட்டை வீடுகளை அள்ளிக்கொண்டு போய்த் தரையில் கொட்டியது.

"ஜோனா! என் ஊரே போச்சு!"

"தண்ணிகிட்ட பாஸ்போர்ட் கேட்டேன், காட்டல," என்றேன்.

வகுப்பே சிரித்தது. யாமினி சிரிக்கவில்லை. நனைந்த வீடுகளை அவளோடு சேர்ந்து பொறுக்கியபோது எனக்கும் சிரிப்பு வரவில்லை.

தெம்பனிஸ் வீட்டுக்கு வந்தால் ஆம்ப்ரோஸ் மாமா சோபாவில் உட்கார்ந்திருந்தார். வேலை நாளில் மாமா ஜூரோங்கில் வேலையில் அல்லவா இருக்க வேண்டும்? அம்மா கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. தொலைக்காட்சியில் பழுப்பு நிற வெள்ளம். லாவோஸ் என்று போட்டிருந்தது.

அப்பா பாலம் கட்டும் வேலைக்காகக் கம்போடியா போயிருக்கிறார்.

"மாமா, அப்பா பேசினாரா?"

"சிக்னல் இல்ல லா. வெள்ளம் லாவோஸ்ல. அப்பா கம்போடியாவுல. அது வேற நாடு, இது வேற நாடு. போய் மைலோ குடி."

எங்கள் வீட்டில் பதில் சொல்ல முடியாத கேள்விக்கெல்லாம் மைலோதான். பூனைக்குட்டி வாங்கலாமா என்று கேட்டபோதும் மைலோதான் வந்தது.

நான் குடிக்கவில்லை. அட்லஸை எடுத்துவந்து பிரித்தேன். அப்பா பாலம் கட்டும் ஆறு மெல்லிய நீலக் கோடாக லாவோஸிலிருந்துதான் இறங்கியது. எல்லை வெறும் புள்ளிகள்.

"மாமா, ஆறு மேலேருந்து கீழ வருது. அப்பா கீழதானே இருக்கார்?"

மாமா அட்லஸை மூடினார். "சின்னப் பையன், உனக்கு எதுக்குடா இதெல்லாம்?"

அம்மா சமையலறைக்குப் போய்விட்டார். குழாய் திறந்தே கிடந்தது. அவர் எதையும் கழுவவில்லை. நான் போய்க் குழாயை மூடினேன். நாக்கு நுனிவரை ஒரு ஜோக் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"அம்மா, நீங்க தனியா பயப்பட வேணாம். எனக்கும் பயம்தான். சேர்ந்து பயப்படலாம். உண்மையைச் சொல்லுங்க, அப்பா எங்க?"

அம்மா ஈரக் கைகளால் என் முகத்தைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியலடா. காலையில அவங்க தங்கியிருந்த இடத்துக்குள்ள வெள்ளம் வந்துருச்சு. பாதிப் பேர் மேட்டுல ஏறிட்டாங்களாம். அதுல அப்பா இருக்காரான்னு இன்னும் யாரும் சொல்லல. தெரிஞ்சதும், நல்லதோ கெட்டதோ, முதல்ல உன்கிட்டதான் சொல்லுவேன்."