பத்து மணிக்கு வந்த துப்பாக்கி

வேதாகமத்தின் மேல் கைவைத்துச் சத்தியம்! இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அத்தனையும் கண்ணால் கண்டது!

லண்டன், ஃபாரஸ்ட் கேட். 1996. ஞாயிறு காலை, சரியாகப் பத்து மணி. பூசை தொடங்கும் நேரம்.

தமிழ்க் கிறிஸ்தவக் கோயிலின் கதவு படாரென்று திறந்தது.

முகமூடி! கையில் துப்பாக்கி!

"ஒருத்தரும் அசையக் கூடாது!"

அசைவதற்கு அங்கே ஆளே இல்லை. உட்கார ஆளில்லாத நூற்றிருபது கதிரைகள். நடுவில், கழுத்தில் விசில் தொங்க, கோயில் பாதுகாப்புக்குப் பொறுப்பான அருட்பிரகாசம்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே? துப்பாக்கிக்காரன் எவனாவது கோயிலுக்குள் புகுந்தால் என்ன செய்வது என்று மூன்று மாதமாக எழுதிய திட்டம். விசில் ஊதினால் எல்லாரும் தரையில் படுக்க வேண்டும். அவ்வளவுதான்! இரண்டு ஒத்திகையும் பாழ். முதல் தடவை, சேலை கசங்குமென்று ஒருத்தியும் படுக்கவில்லை. மறு தடவை, தப்பியோடும் கதவை அடைத்துக்கொண்டு சோற்றுக் கிடாரம்!

அதனால்தான் இந்த வாரம் நண்பன் யோகராஜாவை முகமூடியோடும் விளையாட்டுத் துப்பாக்கியோடும் வரச் சொல்லியிருந்தார்.

"டேய் யோகராஜா! ஒருநாளும் நேரத்துக்கு வராதனீ, இண்டைக்கெண்டு பத்துக்கு வந்து நிக்கிறாய்! சனமில்லாமல் ஆரையடா சுடப்போறாய்?"

முகமூடி திகைத்தது.

"செபமாலைமுத்து எங்கை? நாளைக்குக் கோட்டிலை எனக்கெதிராச் சாட்சி சொல்ல அவன் இருக்கக் கூடாது!"

"அட, நான் எழுதித் தராததையும் நடிக்கிறாய்! இரு. முத்தர் பத்தேமுக்காலுக்குத்தான் வருவார்."

முகமூடி... உட்கார்ந்தது!

பத்து நாற்பத்து மூன்று. வாசலில் சலசலப்பு. சனம்!

"எழும்பு! அதை ஒருக்காத் தா பாப்பம்..." அருட்பிரகாசம் துப்பாக்கியை வெடுக்கென்று பறித்தார். "பாரமாக் கிடக்கு. அப்டன் பார்க் சந்தையிலையோ வாங்கினனீ?"

டிரிங்... டிரிங்!

சுவரில் தொலைபேசி. மறு கையால் எடுத்தார்.

"அண்ணை, யோகராஜா கதைக்கிறன். கோவிக்காதேங்கோ... இப்பத்தான் எழும்பினன்."

அருட்பிரகாசம் முகமூடியைத் திரும்பிப் பார்த்தார். அப்படியானால்... இவன்?

தெரியாமல் விரல் விசையில் அழுந்தியது.

டுமீல்!

கூரைச் சுண்ணாம்பு கொட்டியது. வாசலில் நின்ற எண்பது பேரும் அதே கணம் குப்புறத் தரையில்! யாழ்ப்பாணத்தில் ஷெல் குண்டுக்குப் படுத்துப் பழகிய உடம்புகள். எந்தச் சேலையும் கசங்கலை யோசிக்கவில்லை.

முகமூடி வாசலுக்குப் பாய்ந்தது. சேலையோடு படுத்திருந்த டொலறஸில் தடக்கியது. செபமாலைமுத்துவின் பக்கத்தில் போய் விழுந்தது. நூறு கிலோ செபமாலைமுத்து மெல்ல உருண்டு அதன்மேல் ஏறிக்கொண்டார்.

பொலீஸ் வந்து, அடியில் கிடந்தவனை அள்ளிக்கொண்டு போனது.

டொலறஸ் சேலையைத் தட்டியபடி எழும்பினாள்.

"என்ன அண்ணை, இந்தமுறை ஒத்திகை திறம்தானே?"

அருட்பிரகாசம் விசிலைக் கழற்றி எறிந்தார்.

"என்னத்தைத் திறம்? நான் ஊத முன்னமே படுத்திட்டியள்!"

இதையெல்லாம் கண்ணால் கண்டு எழுதியவர் அன்று கோயிலுக்கு வந்து சேர்ந்த நேரம்: பதினொன்றேகால்.