பொம்மையன் பொறுக்கி வந்த மீன்

பொம்மையன் பூட்டு செய்வதில் கெட்டிக்காரர். இதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவரே சொல்லிவிடுவார்.

பாம்பனில் ஒரு சங்குக் கிட்டங்கிக்குப் பெரிய பூட்டு தேவைப்பட்டது. அந்தக் கடலில் முக்குளித்து எடுக்கும் சங்குகளை அங்கே குவித்து வைத்திருப்பார்கள். அவை வங்காளத்துக்குப் போய் வளையல் ஆகுமாம். பூட்டு மாட்டத் திண்டுக்கல்லிலிருந்து பொம்மையன் போனார். கடலையே பார்க்காத எங்கள் தெருவுக்கு அது லண்டன் பயணம் மாதிரி.

திங்கட்கிழமை திரும்பி வந்தவர் தோளில் ஒரு சாக்கு மூட்டை. மறுநாளிலிருந்து அவர் வீட்டு மொட்டை மாடியில் என்னவோ காய்ந்தது. தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. நான் ஒருத்திதான் மூக்கை விட்டுவிட்டு வாயைத் திறந்து கேட்டேன்.

"கருவாடு," என்றார் பொம்மையன். "கரையில வலையை உதறுனாங்க. சாளை மீனைக் கூடையில அள்ளிக்கிட்டாங்க. நல்லாக் கொழுத்த வயிறு வச்ச மீனை மட்டும் மணல்ல வீசிட்டுப் போயிட்டாங்க. இருபது மீன். அம்புட்டையும் பொறுக்கி உப்புப் போட்டுட்டேன்."

"எதுக்கு வீசுனாங்கன்னு யாருகிட்டயும் கேக்கலையா?"

"கேட்டா வெலை சொல்லுவான். ஆள் போற வரைக்கும் ஒரு படகுக்குப் பின்னால உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னையும் சேர்த்து எட்டுப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

இந்த இடத்தில் புஷ்பமேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பத்து வயது. தனுஷ்கோடியிலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்தவள். இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் ஒரு கடல், நடுவில் நாக்கு போல மணல், அதில் ஓர் ஊர். இலங்கைக்குப் போகிறவர்கள் அங்கே ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழிப் புயலில் கடல் அந்த ஊரை எடுத்துக்கொண்டது. அன்றைக்குப் புஷ்பமேரி வீட்டார் பாம்பனில் சித்தி வீட்டில் இருந்ததால் தப்பினார்கள். அவள் அம்மா இன்னாசியம்மாளிடம் இதையெல்லாம் ஒரே சாயங்காலத்தில் கேட்டு வாங்கிவிட்டேன்.

தெருப் பிள்ளைகள் அவளை 'உப்புத்தண்ணி' என்று கூப்பிட்டார்கள். தன் ஊர்க் கடலுக்கு அடியில் பசு இருக்கிறது, புல் மேய்கிறது என்று ஒருநாள் அவள் சொன்னாள். அன்றோடு போனது அவள் பேச்சுக்கு இருந்த மதிப்பு. கடற்பசு என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறதாம். எங்களுக்கு என்ன தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பாவும் அம்மாவும் நத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அடுப்புச் சாம்பலைக் கொட்டப் புஷ்பமேரி பின் சந்துக்குப் போனாள். பொம்மையன் வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பை மேட்டில் மீன் தலைகள் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் கிளி மூக்கு போல வாய். மேலே இரண்டு பல், கீழே இரண்டு பல்.

சாம்பல் கூடை அவள் காலிலேயே கவிழ்ந்தது.

அவள் பொம்மையன் வீட்டுக்குள் ஓடி வந்தபோது எங்களுக்கு இலை போட்டாகிவிட்டது. குழம்பு கொதித்து இறங்கிவிட்டது. புளியும் மிளகாயும் சேர்ந்த வாசனை. நான்கூட இரண்டு கை சோறு கூடுதலாக வாங்கியிருந்தேன்.

"அத்தை, அதைப் போடாதீங்க," என்று பொம்மையனின் மனைவி பெருமாயியின் சேலையைப் பிடித்தாள் புஷ்பமேரி. "அது பேத்தை மீன். விஷம்."

"ஏத்தா, காலெல்லாம் சாம்பலு. தள்ளி நில்லு," என்றாள் பெருமாயி.

பொம்மையன் சிரித்தார். "கடல்ல மாடு மேய்க்கிற பிள்ளை வந்திருக்கு. சொல்லுத்தா, மீனு கடிக்குமா?"

பந்தி முழுக்கச் சிரித்தது. நானும்தான்.

"எங்க ஊர்ல ஒரு அண்ணன் தின்னாரு மாமா. முதல்ல உதடு மரத்துப்போச்சு. அப்புறம் கை தூக்க முடியல. அப்புறம்..."

சிரிப்பு குறைந்தது. ஆனாலும் யாரும் எழுந்திருக்கவில்லை. போட்ட இலையை விட்டு முதலில் எழுந்திருப்பது யார்?

"வெயில்ல அஞ்சு நாள் காஞ்சிருக்கு. எந்த விஷம் நிக்கும்?" என்றார் பொம்மையன்.

"காஞ்சாலும் போகாது. வேக வச்சாலும் போகாது."

பக்கத்து இலை ஆண்டிச்சாமி ஒரு யோசனை சொன்னார். "சந்தேகம் எதுக்கு? பூனைக்கு ஒரு துண்டு போட்டுப் பாத்துருவோம்."

பூனை வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தது. புஷ்பமேரி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பூனை என்ன பாவம் பண்ணுச்சு?"

"அப்ப வீட்டுக்குப் போ," என்றார் பொம்மையன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "பெருமாயி, ஊத்து."

முதல் கரண்டி அவருடைய நாலு வயது மகன் சோலைமுத்துவின் தட்டில் விழுந்தது. பசியில் இருந்த பிள்ளை காத்திருக்குமா? குழம்பும் சோறுமாய் ஒரு பிடி பிடித்து வாய்க்குக் கொண்டுபோனான்.

புஷ்பமேரி பூனையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சோறு அவன் உதட்டுக்கு ஒரு விரல்கடை தள்ளி நின்றது. அவன் வீறிட்டான்.

"விடு அவனை," பொம்மையன் எழுந்தார்.

அவள் விடவில்லை. அழவும் இல்லை. ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, நீங்க படகுக்குப் பின்னால எம்புட்டு நேரம் உக்காந்திருந்தீங்க?"

பொம்மையனுக்குக் கோபத்திலும் கணக்கு தவறாது. "ஒரு மணி நேரம் இருக்கும். அதுக்கென்ன இப்ப?"

"கரையில காக்கா இருந்துச்சா?"

"காக்காயா? நூறு இருந்துச்சு. பருந்து வேற. வலையில ஒட்டுன சாளையையும் நண்டுக் காலையும் பிடுங்கிப் பிடுங்கித் தின்னுச்சு. என் கையில இருந்த வடையைக்கூட ஒண்ணு தூக்கிட்டுப் போச்சு."

"இந்த மீனை எத்தனை காக்கா தின்னுச்சு மாமா?"

பொம்மையனின் கண்கள் எங்கேயோ போயின. அந்த மணலை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தார் போல.

"ஒண்ணும்..." என்றார். "ஒண்ணும் கிட்டக்கூட வரல."

புஷ்பமேரி சோலைமுத்துவின் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

பொம்மையன் குனிந்து மகனின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துச் சோற்றைத் தட்டில் உதிர்த்தார். சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார்.

"பெருமாயி, நீ உப்புப் பாத்தியா?"

நான் என் இலையைத் தள்ளி வைத்தேன்.

"மீனே உப்புல ஊறுனது. அதை எதுக்கு உப்புப் பாக்கணும்?" என்றாள் பெருமாயி. சொன்ன பிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

"அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க அத்தை," என்றாள் புஷ்பமேரி. "கரண்டியையும் சட்டியையும் சேத்துப் புதைக்கணும். நாய் தோண்டாத ஆழத்துக்கு."

பொம்மையனே கடப்பாரையை எடுத்தார். பின் சந்தில் இடுப்பளவு குழி. குழம்பு, சட்டி, மாடியில் மிச்சமிருந்த கருவாடு, குப்பை மேட்டுத் தலைகள் எல்லாம் உள்ளே போயின. மேலே கல்லை வைத்தார்கள். அன்று எங்களுக்கு மோரும் ஊறுகாயும்தான். அவ்வளவு ருசியாக நான் மோர்ச்சோறு தின்றதே இல்லை.

"மாமாவை ஒண்ணும் சொல்லாதீங்க," என்று போகும்போது என்னிடம் கேட்டுக்கொண்டாள் புஷ்பமேரி. "கடலைப் பாக்காதவங்களுக்கு எப்படித் தெரியும்?" சொல்லாமல் இருக்க நான் மிகவும் முயன்றேன். ஊர்க் கோடியில் இருக்கும் பேகம்பூரைத் தாண்டி யாருக்கும் சொல்லவில்லை.

ஆவணியில் பொம்மையன் மறுபடியும் பாம்பன் போனார். இந்தத் தடவை மீன்காரர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன விலையைக் கொடுத்துக் கருவாடு வாங்கி வந்தார். மூட்டையோடு ரயிலடியிலிருந்து நேராக இன்னாசியம்மாள் வீட்டு வாசலுக்குப் போய் அவிழ்த்தார்.

"ஏத்தா புஷ்பமேரி, செத்த நேரம் வந்து இதைப் பாரு."

அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்தாள். பல்லைப் பார்த்தாள், வயிற்றைத் தடவினாள், முகர்ந்தாள். "இது நெத்திலி. இது பாரை. இது சீலா." உப்புத்தண்ணி என்று கூப்பிட்ட பிள்ளைகள் சுற்றி நின்று வாயைப் பிளந்து கேட்டார்கள். கடற்பசுவுக்குக் கொம்பு உண்டா என்று ஒருவன் மரியாதையாக விசாரித்தான்.

கடைசி மீனையும் கீழே வைத்துவிட்டு அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் எங்கள் தெருவில் அம்மிகள் மிளகாய் அரைக்கத் தொடங்கின.